கற்பூரம் அடித்த கைகள்

அத்தியாயம் 9

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கவரம் மாரியம்மன் கோயிலில் நடந்ததை ஊரே பார்த்தது. பார்க்காதவர்களுக்கும் அன்று சாயங்காலத்துக்குள் போன் போய்விட்டது. போன வாரம் பத்திரிகை வாங்காத நீங்கள் மட்டும்தான் பாக்கி. உங்களுக்காக நாலு வரி சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

செஞ்சி காந்தி பஜாரில் பூவரசி சில்க்ஸ் என்று மூன்று மாடித் துணிக்கடை. அதில் முதல் மாடி பட்டுப்புடவைப் பிரிவில் நிற்கிறவள் ஜெயசுதா. நிற்கிறவள் என்றுதான் சொல்ல வேண்டும். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். பூவரசியில் ஸ்டூல் போடவில்லை.

புடவையைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது யோசித்தால் போதும், "மேல போட்டுக் காட்டும்மா" என்பார்கள். கட்டியிருக்கிற யூனிபார்ம் புடவைக்கு மேலேயே பட்டுப்புடவையைச் சுற்றி, மடிப்பு எடுத்து, முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்க வேண்டும். வேலையே அதுதான். அங்கேதான் ப்ளோர் மேனேஜர் குரு வந்து சேருவான். "மடிப்பு சரியில்லையே" என்பான். அவனே சரி செய்வான். வந்தவர்கள் புடவையைப் பார்ப்பார்களா, அவன் கை எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்களா?

ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஸ்டாக் ரூமில் வழியை மறித்துக்கொண்டு நின்றானே, அன்றைக்கு நேராக முதலாளி கோவிந்தசாமியிடம் போய்ச் சொல்லிவிட்டாள். எழுத்தில் புகாரும் கொடுத்துவிட்டாள்.

அதுவரைக்கும் எல்லாம் சரி. அப்புறம்தான் அவளுடைய நைனா விநாயகம் உள்ளே வந்தார்.

அவருக்கு இரண்டு ஏக்கர் மணிலாக்கொட்டை, கொஞ்சம் நெல். அது போக ஒரே ஒரு நம்பிக்கை. சாமி முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "நான் செய்யல" என்று எவனும் பொய் சொல்ல மாட்டான் என்ற நம்பிக்கை. ஒரு காலத்தில் வரப்புத் தகராறில் அவருடைய பங்காளி, கற்பூரத் தட்டைப் பார்த்ததுமே பின்வாங்கி வரப்பை விட்டுக்கொடுத்தானாம். அதை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் கடைக்குப் போய், "அவன் எங்க ஊரு ஆத்தா முன்னாடி கற்பூரம் அடிக்கட்டும். அடிச்சிட்டான்னா நாங்க ஒத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஜெயசுதாவின் அம்மா ராஜம்மாள்தான் வேண்டாம் என்றாள். "கற்பூரத்துல இன்னாங்க தெரியப்போவுது, வேணாம்" என்று புருஷனிடம் கெஞ்சினாள். "சாமி விஷயத்துல வாய் வெக்காத" என்று அடக்கிவிட்டார்.

குரு வந்தான். குளித்துவிட்டு, வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்தான். "அந்தப் பொண்ணு எனக்குத் தங்கச்சி. நான் தப்பா தொட்டதில்ல" என்றான். ஒரே அடி. கற்பூரம் அணைந்தது. கை நடுங்கக்கூட இல்லை.

அன்றிலிருந்து அவன் நல்லவன். ஜெயசுதா பொய்க்காரி. கதை இவ்வளவுதான்.

---

வியாழக்கிழமை காலை. கடையில் இன்று விசாரணை.

"சாப்டியா?" என்றாள் ராஜம்மாள்.

"எறங்கல மா."

"ரெண்டு இட்லியாச்சும் தின்னுட்டுப் போ. வெறும் வயித்தோட அங்க போயி நிக்காத."

ஜெயசுதா தட்டை வாங்கிக்கொண்டாள். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் அவள் வீட்டைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்துவது நாலு நாளாக நடக்கிறது. தாழ்த்தினாலும் கேட்கத்தான் செய்கிறது. "கற்பூரமே அடிச்சிட்டான், இன்னும் இன்னாத்துக்கு விசாரணை?" என்கிறாள் ஒருத்தி. "காலம் கெட்டுப்போச்சு" என்கிறாள் இன்னொருத்தி. குரு ஒரு பெண்ணைத் தொட்டபோது கெடாத காலம், அவள் வாயைத் திறந்ததும் கெட்டுவிட்டது. எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அந்தக் குடத்தைப் பிடுங்கிக் கவிழ்க்கலாம் போலிருக்கிறது.

விநாயகம் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மகள் முகத்தை அவர் நேராகப் பார்க்கவில்லை.

"சுதா, இது வேணுமா?" என்றார், வண்டியைப் பார்த்துக்கொண்டே.

"எது நைனா?"

"இந்த விசாரணை. பேசாம வேலைய வுட்டுட்டா இன்னா?"

"நான் ஏன் வுடணும்? தப்பு பண்ணவன் அங்க தெனமும் சாமி கும்புட்டுட்டு வேலைக்கு வரான். நான் ஊட்ல குந்திக்கணுமா?"

"அதுக்கில்லமா..."

"நைனா, ஒண்ணு கேக்குறேன். நீ என்னை நம்புறியா, இல்லியா?"

"நம்பலன்னு நான் எப்போ சொன்னேன்?"

"நம்புறேன்னும் சொல்லலியே. அதான் கேக்குறேன்."

அவர் துணியை உதறினார். மறுபடியும் வண்டியைத் துடைத்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் நாலு நாளாக வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறாள். கடையில் ஜெயிப்பதும் தோற்பதும் அப்புறம். இந்த வீட்டில் ஒரு ஆள், "நீ சொல்றது நிஜம்" என்று சொல்ல வேண்டும். அண்ணன் ரஞ்சித் வெளியூர் வேலையில் இருக்கிறான். அம்மாவும் சொல்லவில்லை. அம்மா இட்லி வைக்கிறாள், தலையைத் தடவுகிறாள், கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். வாயை மட்டும் திறக்கமாட்டேன் என்கிறாள்.

"தம்பி, கெளம்பிட்டியா?"

பக்கத்து வீட்டுத் துரைக்கண்ணு வந்தார். விநாயகத்தின் அண்ணன். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, பஞ்சாயத்துக்குப் போகிற தோரணை. ஞாயிற்றுக்கிழமை கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவர்தான். அவர் குரல் கேட்டதும் ராஜம்மாள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். புருஷனின் அண்ணனான மூத்தார் எதிரே நிற்கக்கூடாது என்பது அந்தத் தலைமுறையின் மரியாதை.

"நானும் வரேன் தம்பி. தனியா போவாத, தைரியமா இருக்கும்" என்றார். பிறகு ஜெயசுதாவைப் பார்த்து, "பாப்பா, பெரியப்பா சொல்றேன்னு தப்பா நெனைக்காத. பொம்பளப் புள்ள, ஏதோ அவசரப்பட்டுட்ட. போவட்டும். வாபஸ் வாங்கிக்கிறேன்னு சொல்லிடு. கௌரவமா முடிச்சிக்கலாம்" என்றார்.

"யாரு கௌரவம் பெரியப்பா?"

"பாத்தியா தம்பி, வாயி எப்பிடிப் பேசுது?" என்று சிரித்தார் அவர்.

விநாயகம் வண்டியை உதைத்தார். வண்டியில் பின்னால் ஒரு ஆள்தான் உட்காரலாம். துரைக்கண்ணு உட்கார்ந்துகொண்டார். ஜெயசுதா டவுன் பஸ்ஸில் போனாள்.

---

கடைக்குப் பின்னால் பெண்கள் சாப்பிடுகிற சின்ன அறை இருக்கிறது. அங்கே மோனிகா அவளுக்காகக் காத்திருந்தாள். அதே பட்டுப் பிரிவு, பக்கத்துக் கவுண்ட்டர். இருபத்திரண்டு வயசு. ஜெயசுதா சாட்சியாகப் பெயர் கொடுத்திருந்தது இவளைத்தான்.

"அக்கா, என்னைத் திட்டாத."

அந்த ஆரம்பத்திலேயே ஜெயசுதாவுக்குப் புரிந்துவிட்டது.

"எங்கம்மா வேணாம்னு சொல்லிட்டாங்கக்கா. அவரு கற்பூரம் அடிச்சது எங்க ஊரு வரைக்கும் தெரிஞ்சிருக்குது. சாமி முன்னாடி அடிச்ச ஆளுக்கு எதிரா நீ போயி நிக்காத, நமக்குத்தான் பாவம் சேரும்ன்றாங்க."

"நீ உன் கண்ணால பாத்தியா, இல்லியா?"

"பாத்தேன்."

"அத சொன்னா பாவமா?"

மோனிகா கண்ணாடி வளையலை மேலும் கீழும் தள்ளினாள். "பாத்தது மட்டும் இல்லக்கா. எனக்கும்தான். ரெண்டு வருஷம் முன்ன, தீபாவளி சீசன்ல. அப்போ நீ அந்தப் பக்கம் காட்டன்ல இருந்தே."

ஜெயசுதாவுக்குக் கோபம் வர வேண்டும். வந்தது அழுகை.

"தையில எனக்குக் கல்யாணம்க்கா. மாப்ள ஊட்ல இது தெரிஞ்சா அவ்ளோதான். நான் பாக்கலன்னுதான் சொல்வேன். என்னை மன்னிச்சிடு."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சேர்ந்து அழுதார்கள். பிறகு மோனிகா முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு, தனியாக மாடி ஏறிப் போனாள். சேர்ந்து போவதை யாராவது பார்த்துவிடக்கூடாது என்று பயம்.

---

மூன்றாவது மாடி ஆபீஸ் அறை. பெண்கள் கொடுக்கிற புகாரை விசாரிக்க ஒரு கமிட்டி, சட்டப்படி எப்போதோ இருந்திருக்க வேண்டும். புகார் வந்த பிறகுதான் அவசரமாகப் போட்டார்கள். தலைவி, கணக்குப் பிரிவு சாமுண்டீஸ்வரி. கோவிந்தசாமியிடம் இருபது வருஷமாக வேலை பார்க்கிறவள். அவர் தும்மினால் இவளுக்கு ஜலதோஷம் பிடிக்கும். இன்னொருத்தி கேஷியர், கடைசி வரைக்கும் தலையாட்டியதோடு சரி. வெளியாள் ஒருவர் இருக்க வேண்டுமென்று விழுப்புரத்திலிருந்து அறிவுமதி வந்திருந்தாள். பெண்கள் அமைப்பு ஒன்றில் வேலை செய்கிறவள்.

"நடந்ததை நீங்களே சொல்லுங்க. நிதானமா சொல்லுங்க" என்றாள் அறிவுமதி.

ஜெயசுதா சொன்னாள்.

"புடவ போட்டுக் காட்டும்போது வருவாரு மேடம். மடிப்ப சரி பண்றேன்னு இடுப்புல கை வைப்பாரு. வெச்ச கைய எடுக்க மாட்டாரு. நான் நகர்ந்தா அவரும் நகருவாரு. முந்தானைய இழுத்து வுடுற சாக்குல மேலயும் கை படும். கஸ்டமர் முன்னாடி நான் மூஞ்சிய சுளிக்கக்கூடாது. சிரிச்சிக்கினே நிக்கணும்."

"எத்தனை தடவை?" என்றாள் சாமுண்டீஸ்வரி.

"அதப் போயி யாராச்சும் எண்ணுவாங்களா மேடம்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா."

"புடவ போட்டுக் காட்டுன நாளெல்லாம்."

ஸ்டாக் ரூம் விஷயத்தையும் சொன்னாள். கதவுக்கு நேராக நின்றுகொண்டு, "என்னை கவனிச்சிக்கோ, உன்னை கேஷ் கவுண்ட்டருக்கு மாத்திடுறேன். உக்காந்தே வேலை பாக்கலாம்" என்றானாம். அறிவுமதி தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள்.

குரு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகத்தில் அப்படி ஒரு வருத்தம்.

"எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு மேடம். கடையில எல்லாப் பொண்ணும் என்னை அண்ணான்னுதான் கூப்பிடும்."

"கூப்பிடச் சொன்னதே அவருதான்" என்றாள் ஜெயசுதா.

மோனிகாவைக் கூப்பிட்டார்கள். அவள் உட்காரவே இல்லை. "நான் மடிச்சி வெக்கிற வேலையில இருந்தேன் மேடம். கவனிக்கல" என்றாள். ஜெயசுதா பக்கம் திரும்பாமல் வெளியே போனாள். அறிவுமதி அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். புரிந்ததை எழுத முடியாதே.

"உங்க தரப்புல சாட்சி இருக்கா?" என்று குருவைக் கேட்டாள் சாமுண்டீஸ்வரி.

"ஒருத்தர் இருக்காரு மேடம். கீழ டீக்கடையில உக்காந்திருக்காரு."

"யாரு?"

"ஜெயசுதாவோட அப்பா."

அந்த அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. ஜெயசுதாவுக்கு வியர்த்தது.

"இது சரியில்ல" என்றாள் அறிவுமதி. "அவரு சம்பவத்தைப் பாத்தவரு இல்ல."

"இவரு தரப்பு சாட்சி மேடம், கேக்கலன்னா நாளைக்கு நம்ம மேல குறை சொல்வாங்க" என்றாள் சாமுண்டீஸ்வரி. அந்த நேரத்தில் மட்டும் அவளுக்குச் சட்டமெல்லாம் தெரிந்தது.

விநாயகம் வந்தார். கற்பூரம் அடித்ததைச் சொல்ல வேண்டும் என்று குருதான் வரச் சொல்லியிருந்தான். செருப்பைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தார். நாற்காலி காட்டினார்கள், உட்காரவில்லை. தோள் துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். மகள் இருந்த பக்கம் பார்க்கவில்லை.

"ஐயா, போன ஞாயித்துக்கிழமை உங்க ஊர் கோயில்ல இவரு கற்பூரம் அடிச்சாரா?"

"அடிச்சாரு."

"அடிக்கச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"அடிச்சிட்டா ஒத்துக்கிறேன்னு சொன்னீங்களா?"

அவர் துண்டை இன்னும் ஒரு சுற்று சுருட்டினார். "சொன்னேன்."

சாமுண்டீஸ்வரி எழுதிக்கொண்டாள். பேனா ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் இதற்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது.

அறிவுமதி குறுக்கிட்டாள். "ஐயா, கற்பூரத்த விடுங்க. அது உங்களுக்கும் சாமிக்கும். நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உங்க பொண்ணு பொய் சொல்றாங்கன்னு நெனைக்கிறீங்களா?"

இப்போதுதான் அவர் மகளைப் பார்த்தார். ஜெயசுதாவும் பார்த்தாள். சின்ன வயசில் காய்ச்சல் வந்தால் இவளைத் தோளில் போட்டுக்கொண்டு செஞ்சி ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்தவர். ப்ளஸ் டூவில் இவள் பாஸானபோது தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தவர். சொல்லிவிடு நைனா, ஒரே ஒரு வார்த்தை என்று அவள் மனசுக்குள் கும்பிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் புரியலம்மா" என்றார் விநாயகம். "சாமி முன்னாடி நின்னு யாராச்சும் பொய் அடிப்பாங்களா?"

குரு தலையைக் குனிந்துகொண்டான். அடக்கமான ஆள் அல்லவா.

---

படிக்கட்டில் அறிவுமதி அவளைப் பிடித்து நிறுத்தினாள்.

"மனச விட்டுடாதீங்க. அறிக்கை இன்னும் எழுதல. என் கருத்த நான் தனியா எழுதுவேன். ஆனா மூணு பேர்ல நான் ஒருத்தி. இங்க சரியா வரலன்னா மேல போகலாம், போலீஸ்லயும் புகார் குடுக்கலாம். உங்க பக்கம் பேச யாராச்சும் ஒருத்தர் கெடச்சா நல்லது."

"ஊட்லயே இல்ல மேடம். வெளிய எங்க போயி தேடுறது?"

அறிவுமதி ஒரு சீட்டை எடுத்தாள். தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

கீழே கல்லாவிலிருந்து கோவிந்தசாமி கூப்பிட்டார். "ஏம்மா, அறிக்கை வர வரைக்கும் லீவுல இரு. உனக்கும் நிம்மதி, கடைக்கும் நிம்மதி."

"அவரும் லீவா சார்?"

"அவன் இல்லாம ப்ளோர யாரு பாக்குறது?"

"அப்போ நானும் நாளைக்கு வருவேன் சார்" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். கடையை விட்டு வெளியே வந்தாள்.

டீக்கடை வாசலில் நைனா வண்டியோடு நின்றார். பக்கத்தில் பெரியப்பா நாலு பேருக்கு நடுவில் நின்று, "தகப்பனே ஒத்துக்கிட்டாச்சு, அப்புறம் இன்னா இருக்குது?" என்று கை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார். விநாயகம், "சுதா" என்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்து, வந்த பஸ்களையெல்லாம் விட்டுவிட்டு, சாயங்காலம் வரைக்கும் அந்தச் சிமெண்ட் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. போவதற்கு வேறு இடமும் இல்லை.

---

விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் வீட்டுக்குள் வந்தாள். விநாயகம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காபி ஆறிப்போய் ஏடு படிந்திருந்தது.

ராஜம்மாள் ஓடி வந்தாள். "எங்கடி போன? போனும் எடுக்கல. இன்னா ஆச்சு அங்க?"

"நைனா சொல்லலியா?"

"அவரு வந்ததுல இருந்து வாயே தொறக்கல."

"அவங்க தரப்பு சாட்சி யாரு தெரியுமா மா? உன் ஊட்டுக்காரரு. சாமி முன்னாடி யாராச்சும் பொய் அடிப்பாங்களான்னு எல்லாரு எதுருலயும் கேட்டாரு."

ராஜம்மாள் புருஷனைப் பார்த்தாள். "அப்பிடியா சொன்னீங்க?"

"நான் இன்னா பண்ணுவேன்?" விநாயகத்தின் குரல் உடைந்தது. "அடிச்சானான்னு கேட்டா அடிச்சான்னுதானே சொல்லணும்? என் கண்ணு முன்னால அடிச்சான். ஆத்தா பாத்துக்கினு இருந்தா. நாலு நாளாச்சு, அவனுக்கு ஒண்ணும் ஆவல. நான் யாரத்தான் நம்புறது, சொல்லு? பெத்த பொண்ணையா, கும்புடுற சாமியையா?"

ஜெயசுதா பையைக் கீழே வைத்தாள். "வுடு மா. அவரு சாமியையே நம்பட்டும்."

உள்ளே போகத் திரும்பியவளின் கையை ராஜம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆவாதுங்க" என்றாள் புருஷனிடம்.

"இன்னாது?"

"கற்பூரத்துல பொய் அடிச்சா ஒண்ணும் ஆவாது. கை கூட சுடாது."

"தெரியாம பேசாத. அன்னைக்கும் இப்பிடித்தான் அபசகுனமா பேசுன."

"தெரிஞ்சிதான் பேசுறேன். நான் அடிச்சிருக்கேன். பொய்யா."

விநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீயா? எப்போ? இன்னாத்துக்கு?"

ராஜம்மாள் மகளின் கையை விடவில்லை. அந்தக் கை வலிக்கிற அளவுக்குப் பிடித்திருந்தாள். பேசும்போது புருஷன் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினாள்.

"நீங்க பெங்களூரு கட்டட வேலைக்குப் போயிருந்தீங்க. நம்ம மூத்தவன் ரஞ்சித்து வயித்துல இருந்தான். உங்கம்மா விடிஞ்சா கழனிக்குப் பூடுவாங்க. நான் தனியா இருப்பேன். மூத்தாரு வருவாரு. தண்ணி குடுன்னு வருவாரு. முறம் எங்கன்னு வருவாரு. கதவு தொறந்துதான் கெடக்கும், அண்ணன் தம்பி ஊட்டுக்கு எதுக்குத் தாழ்ப்பாள்னு உங்கம்மா போட வுட மாட்டாங்க."

"எங்கண்ணனா?"

"ஒரு நாளு என் ஓரகத்தியே பாத்துட்டாங்க, உங்க அண்ணி. ஒரே கூச்சல். உங்கம்மா ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு கதவ சாத்திட்டு, சாமி படத்துக்கு முன்னால கற்பூரம் ஏத்துனாங்க. உண்மையச் சொல்லுங்கன்னாங்க. அவரு யோசிக்கவே இல்ல. அந்தப் பொண்ண நான் ஏறெடுத்துப் பாத்ததில்லன்னு அடிச்சாரு. அப்புறம் என்னைக் கூப்பிட்டாங்க."

ராஜம்மாள் இன்னொரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நடந்தது நடந்தபடி சொன்னா நீங்க வந்து அவர வெட்டுவீங்க, இல்ல என்னைத் தொரத்துவீங்க. ரெண்டுல ஒண்ணு. வயித்துல புள்ள. ஒண்ணும் நடக்கல அத்தேன்னு சொல்லி நானும் அடிச்சேன். என்னைக்காச்சும் ஆத்தா கேப்பா, கேப்பான்னு இத்தினி வருஷமா பயந்துக்கினே இருந்தேன். ஞாயித்துக்கிழமை அந்தத் தட்ட மூத்தாரு கையில பாத்ததும் எனக்கு உசுரே இல்ல. நான் அடிச்ச பொய்க்கு ஆத்தா என் பொண்ணுகிட்ட வந்து கேக்குறாளேன்னு இருந்துச்சு."

ஜெயசுதா அம்மாவைப் பார்த்தாள். தலையைத் தடவினாளே தவிர வாயைத் திறக்காத அம்மா. அதற்குக் காரணம் இதுதானா?

"அம்மா..."

"நீ சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும்டி, நீ சொல்றது நிஜம்னு. இடுப்புல கை வெச்சான்னு நீ சொன்னதும் எனக்கு இங்க எரிஞ்சிச்சு." தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். "நம்புறேன்னு சொன்னா, எப்பிடி நம்புறேன்னு உங்க நைனா கேப்பாரு. அத சொல்ல எனக்கு தைரியம் இல்ல. பாவி, என் புள்ளைய தனியா வுட்டுட்டேன்."

ஜெயசுதா நாலு நாளாகக் கேட்க ஏங்கிய வார்த்தை கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட முடியுமா, சொல்லுங்கள்? அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

விநாயகம் அசையவில்லை. அண்ணன் தோளில் உட்கார்ந்து திருவிழா பார்த்தவர். அண்ணன் சொல்லைத் தட்டாதவர். காலையில் மகளைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு அந்த அண்ணனைத்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

"தம்பி! ஊட்ல இருக்கியா?"

வாசலில் துரைக்கண்ணுவின் குரல்.

"குரு இப்பதான் போன் பண்ணான். உன்மேல அவனுக்கு வருத்தமே இல்லியாம். நாளைக்கு நேர்ல வந்து பாக்குறேன்றான். தங்கமான மனுசன் தம்பி!"

அந்தக் குரலுக்கு "வாண்ணா" என்று சொல்லியே பழகியவர் விநாயகம். இன்று சொல்லவில்லை. கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு ராஜம்மாளையே பார்த்தார்.

அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொள்வதை ஜெயசுதா பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதவு தள்ளித் திறக்கிற சத்தம் கேட்டதும் எழுந்து போய், அம்மாவை மறைத்துக்கொண்டு முன்னால் நின்றாள்.